ஏழாயிரம் டாலரும் ஒரு கிட்டார் பெட்டியும்

(காட்சித் தொடர்பியல் மாணவர்களிடையே படத்தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறும்படம் எடுக்கக் கிளம்பிய தம்பி தங்கைகள் என் எடிட்டிங் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சார், ஒரு ஃபைட் சீனுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கையில் இருபதாயிரம் இருக்கும், மிஞ்சினால் முப்பதாயிரம். கதையில் நாலு சண்டை, ஒரு கார் துரத்தல், கடைசியில் ஒரு வெடிப்பு. அமெரிக்காவில் ஒருத்தர் வெறும் ஏழாயிரம் டாலரில் முழுநீள ஆக்‌ஷன் படமே எடுத்து ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியையும் சேர்த்துப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

படத்தின் பெயர் 'எல் மரியாச்சி'. இயக்கியவர் ராபர்ட் ரோட்ரிகஸ், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோக்காரர், 1968இல் பிறந்தவர். 1991 கோடையில் இதைப் படமாக்கியபோது அவருக்கு வயது 23. படப்பிடிப்பு 14 நாள். செலவு 7,225 டாலர். ஒன்பதாயிரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அதிலும் மிச்சம் பிடித்திருக்கிறார். அந்தப் பணத்தில் மூவாயிரம் டாலர், ஆஸ்டின் நகரத்து மருந்து ஆய்வு நிலையம் ஒன்றில் கொழுப்பைக் குறைக்கும் மருந்தின் சோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்து, ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்து சம்பாதித்தது. அங்கே இருந்தபடியே திரைக்கதையை எழுதினார். அதே சோதனைக்கு வந்திருந்த பீட்டர் மார்க்வார்ட் என்பவரைப் பிடித்து வில்லனாக்கினார். படம் ஸ்பானிஷ் மொழியில். மார்க்வார்ட்டுக்கோ ஸ்பானிஷ் தெரியாது. வில்லன் அதிகம் பேசாதவனாக இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

உடம்பை விற்றுப் படம் எடுத்த இந்தச் சேதியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. பணம் எப்படி வந்தது என்பதைவிட, எதற்குப் பணம் தேவைப்படாமல் போயிற்று என்பதைப் பார்த்தால் நமக்குப் பிரயோசனம் உண்டு.

ரோட்ரிகஸின் பள்ளித் தோழர் கார்லோஸ் கயார்டோ. அவர்தான் படத்தின் நாயகன், இணைத் தயாரிப்பாளரும்கூட. அவருடைய ஊர் சியூடாட் அகூன்யா. மெக்சிகோவின் கோவாயிலா மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், எதிர்க்கரையில் அமெரிக்காவின் டெல் ரியோ தெரிகிற எல்லை ஊர். அந்த ஊரில் கயார்டோவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆகவே இருவரும் முதலில் கதை எழுதவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். ஒரு மதுக்கடை கிடைக்கும். ஒரு பண்ணை வீடு கிடைக்கும். ஒரு பேருந்து, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பிட்புல் நாய். ஊர்ச் சிறைச்சாலையில் எடுத்துக்கொள்ளலாம். வழியில் ஒரு ஆமை கிடைத்தது, அதையும் படத்தில் சேர்த்தார்கள். இந்தப் பட்டியலுக்குள் அடங்குகிற கதையைத்தான் பிறகு யோசித்தார்கள்.

நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துறைமுகத்தில் கடத்தல், ஐந்து நட்சத்திர ஓட்டலில் பேரம் என்று எழுதிவிட்டு, அப்புறம் அந்த ஓட்டலுக்கு நண்பனின் மாமா வீட்டு ஹாலைக் காட்டுகிறார்கள். சோபாவுக்குப் பின்னால் அத்தை போட்ட குரோஷா வேலை தெரிகிறது. பார்க்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? அந்த ஹாலை ஹாலாகவே காட்டும் கதை ஒன்றை எழுதியிருந்தால், அதே குரோஷா வேலை வயிற்றைக் கலக்கியிருக்கும். நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறையில் கையில் கத்தியோடு ஒருவன் உட்கார்ந்து காபி கேட்கிறான் என்றால் அது துறைமுகக் கடத்தலைவிடப் பயங்கரம். செலவு ஒரு காபி.

'எல் மரியாச்சி'யின் கதை முடிச்சைக் கவனியுங்கள். கறுப்பு உடை போட்ட பாடகன் ஒருவன் கிட்டார் பெட்டியோடு வேலை தேடி ஊருக்கு வருகிறான். அதே நாளில், சிறையிலிருந்து தப்பிய அசூல் என்ற கொலைகாரனும் கறுப்பு உடையில் ஒரு கிட்டார் பெட்டியோடு வருகிறான்; அந்தப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். வில்லனின் ஆட்களுக்குக் கிடைத்த அடையாளம், கறுப்பு உடை, கிட்டார் பெட்டி. அவ்வளவுதான். இனிமேல் பாடகன் தெருவில் சும்மா நடந்தாலே நமக்குப் பதற்றம். அவன் பெட்டியைத் திறக்கப்போனால் பதற்றம். பெட்டிகள் இடம் மாறினால் இன்னும் பதற்றம். ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

த்ரில்லர் என்பதும் ஆக்‌ஷன் என்பதும் இரண்டு வேறு கணக்குகள். ஆக்‌ஷன் காசு கேட்கும். த்ரில்லர் தகவலை மட்டும் கேட்கும்: பார்வையாளனுக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியாது என்பதை. சின்னப் பட்ஜெட்டில் எட்டு நிமிடப் படம் எடுப்பவர் ஆறரை நிமிடம் தகவலால் ஓட்ட வேண்டும். மீதி ஒன்றரை நிமிடத்தில் அடிதடி. அந்த ஒன்றரை நிமிடம் பார்ப்பவனுக்கு எட்டு நிமிடமாக நினைவில் நிற்கும், ஏனென்றால் அதற்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருந்தான். நம்மூரில் இதைச் சரியாகப் பிடித்தவர்கள் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் 'பீட்சா', 2012இல் வந்தது. அதில் நம்மை நடுங்க வைத்தது ஒரு பங்களா, ஒரு டார்ச் வெளிச்சம், மிகச் சில நடிகர்கள். போதாததற்கு, அந்த இரவு முழுவதுமே நாயகன் கட்டிச் சொன்ன கதை!

இனி அந்த ஒன்றரை நிமிடத்துக்கு வருவோம். என் தொழில் அங்கேதான் இருக்கிறது.

சண்டை கேமராவுக்கு முன்னால் நடக்கிறது என்று நினைப்பதால்தான் செலவு ஏறுகிறது. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அது அங்கே நடப்பதில்லை. நியூசிலாந்தின் பீட்டர் ஜாக்சனைக் கேளுங்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தவர்தான். அவருடைய முதல் படம் 'பேட் டேஸ்ட்', 1987. ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வாரக் கடைசிகளில் நான்கு ஆண்டுகள் எடுத்தது. அரக்கர் முகமூடிகளை அம்மாவின் சமையலறை அடுப்பில் சுட்டெடுத்தார். துப்பாக்கிகளையும் கையாலேயே செய்தார். அந்தப் படத்தில் ஒரு மலையுச்சியில் இரண்டு பேர் மோதுகிறார்கள். ஒருவனுக்குத் தாடி உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. இரண்டு பேருமே ஜாக்சன்! தாடியோடு இருந்த காலத்தில் பாதியையும் மழித்த காலத்தில் மீதியையும் எடுத்து ஒட்டியிருக்கிறார். அடித்தவன் அடித்த நாளில் அடிபட்டவன் அங்கே இல்லவே இல்லை. அப்படியும் சண்டை நடந்திருக்கிறது. எங்கே நடந்தது?

இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே இருக்கும் வெட்டில் நடந்தது. ஒருவன் கையை ஓங்குகிறான்; வெட்டு; இன்னொருவன் தலை திரும்புகிறது. நடுவில் நடந்ததைப் பார்வையாளன் தானே போட்டு நிரப்பிக்கொள்கிறான். அவன் போட்டுக்கொள்ளும் அடிக்கு நாம் பேட்டா கொடுக்க வேண்டியதில்லை.

ரோட்ரிகஸ் முழுப் படத்தையும் இந்த ஒரே உண்மையை நம்பி எடுத்திருக்கிறார். அவருக்கு யூனிட்டே கிடையாது. கேமரா, வெளிச்சம், ஒலி எல்லாம் அவர்தான். அந்த ஷாட்டில் இல்லாத நடிகர்கள் உதவினார்கள். இரவல் வாங்கிய ஆரிஃபிளெக்ஸ் 16எஸ் கேமரா. டிராலி கிடையாது, ஒரு பழைய சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், யாராவது தள்ளுவார்கள். வெளிச்சத்துக்குக் கிளிப் வைத்த விளக்குகள் இரண்டு. பணத்தில் பெரும்பகுதி ஃபிலிம் வாங்கவும் கழுவவும் வீடியோவுக்கு மாற்றவும் போய்விட்டது. அதனால் டேக் என்றால் பெரும்பாலும் ஒரே டேக். ஒரே காட்சியைத் தொடக்கம் முதல் கடைசிவரை மூன்று கோணத்தில் எடுத்து அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்ற வசதி அவருக்கு இல்லை. இந்த வரிக்கு இந்தக் கோணம், அடுத்த அசைவுக்கு அடுத்த கோணம் என்று தேவையான துண்டை மட்டும் எடுத்தார். மனத்தில் ஏற்கெனவே வெட்டி ஒட்டி முடித்துவிட்ட படத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். ஒட்டிப் பார்த்தால் பல கேமராக்கள் வைத்து எடுத்த மாதிரி இருக்கிறது.

துப்பாக்கிச் சண்டைகள் இன்னும் வேடிக்கை. கிடைத்த இயந்திரத் துப்பாக்கிகள் வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு முறை வெடிக்கும், உடனே சிக்கிக்கொள்ளும். அவர் என்ன செய்தார்? அந்த ஒரு வெடிப்பைப் பல கோணங்களில் எடுத்தார். பிறகு அடுக்கி வெட்டினார். மேலே சரமாரியாகச் சுடும் ஓசையைப் போட்டார். தரையில் காலித் தோட்டா உறைகள் உதிர்கிற மாதிரி ஒரு ஷாட். குண்டடிபட்ட இரத்தத்துக்கு ஆணுறையில் போலி இரத்தம் நிரப்பி, பளுதூக்கும் பெல்ட்டின் மேல் பொருத்தி வெடிக்க வைத்தார்கள். சிக்கிப்போன துப்பாக்கியால் ஒரு தெருவையே சுட்டுத் தள்ளியிருக்கிறார் மனிதர்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு காட்சி சொல்கிறேன். லாட்ஜ் அறை. ஒருவன் சாவி போட்டுத் திறந்து உள்ளே வருகிறான். கதவுக்குப் பின்னால் இன்னொருவன். முதலில், இருவரும் எங்கே நிற்கிறார்கள், ஜன்னல் எங்கே, கட்டில் எங்கே என்று முழுதாகத் தெரிகிற அகல ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும். பெரும்பாலான குறும்படங்களில் இதுதான் இருப்பதில்லை; கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினால் சண்டை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவனுக்குப் பயம் வராது, தலைவலிதான் வரும். வருகிறவன் திரையின் இடமிருந்து வலமாக வந்தால், சண்டை முடியும்வரை அவன் பார்வை வலப்பக்கமாகவே இருக்கட்டும். மாற வேண்டுமென்றால் அவன் சுற்றிப் போவதைக் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

அடிக்கும் ஷாட்டில் கேமராவை அடிபடுகிறவனின் தோளுக்குப் பின்னால் வையுங்கள். முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தாலும் அந்தக் கோணத்தில் தெரியாது. முஷ்டி முகத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருக்காமல், தாண்டுவதற்கு இரண்டு ஃபிரேம் முன்னாலேயே வெட்டுங்கள். அடுத்த ஷாட், தலை ஏற்கெனவே திரும்பத் தொடங்கிவிட்ட நொடியில் ஆரம்பிக்கட்டும். அடிபட்டவன் நன்றாக நடித்தால் அடித்தவன் பலசாலி ஆகிவிடுவான். ஆள் தேர்வு செய்யும்போது அடிக்கத் தெரிந்தவனைத் தேடாதீர்கள், விழத் தெரிந்தவனைத் தேடுங்கள். கராத்தே தெரிந்த நண்பனை வில்லனாகப் போட்டுவிட்டு, அவன் கலையை முழுவதும் காட்டியே தீருவேன் என்று அடம்பிடித்ததில் ரிதம் செத்துப்போன படங்களை என் மேசையில் நிறையப் பார்த்தாயிற்று.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு, போகிறபோக்கில். சண்டைக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அசைவு விறுவிறுவென்று வெட்டிக்கொண்டு தெரியும். 1998இல் 'சேவிங் பிரைவேட் ரியான்' கடற்கரைக் காட்சியில் ஷட்டரைக் குறுக்கி அந்த அதிர்வைக் கொண்டுவந்தார்கள். ஆனால் நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் 1/50 அல்லது 1/100 வைத்தால் தப்பித்தீர்கள். 1/200க்குப் போனால் படம் முழுக்க விளக்குத் துடிக்கும், எந்த எடிட்டராலும் அதைத் தேய்த்தெடுக்க முடியாது. கைபேசியில் எடுப்பவர்கள் தானியங்கியை அணைத்து ஷட்டரைப் பூட்டிவிடுங்கள்.

இப்போது ஒலி. இங்கே கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்ரிகஸின் கேமரா ஓடினால் இரைச்சல். வசனத்தைக் கூடவே பதிவு செய்ய முடியாது. நம் தமிழ் சினிமாவுக்கு இது புதிதில்லை; ஆரி 2சி கேமராக்கள் கடகடத்த காலத்தில் இங்கே எல்லாப் படங்களும் டப்பிங் தியேட்டரில்தான் பேசின. ரோட்ரிகஸிடம் டப்பிங் தியேட்டருக்கும் காசில்லை. ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, நடிகரின் வாயருகே மைக்கை வைத்து, இப்போது சொன்னதை அதே வேகத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நடிகர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். இயல்பாகப் பேசுவதைத் திரும்பவும் இயல்பாகவே பேசினார்கள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கையால் பொருத்தினார். உதடு பொருந்தாத இடத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டினார். கேட்பவன் முகம், இல்லாவிட்டால் நாய். படத்தின் வேகம் என்று மெச்சப்பட்ட குணத்தில் ஒரு பங்கு உதடு தப்பியதை மறைக்க வந்த வெட்டுகள்தான்.

இன்னொரு ஒட்டுப்போடல். நாயகன் இளநீர்க் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறான். காசு கொடுக்கும் ஷாட்டை எடுக்கவே இல்லை. திரும்பப் போய் எடுப்பதற்குப் பதிலாக, இந்த ஊரில் புதிதாக வருபவர்களுக்குத் தேங்காய் இலவசம் என்று நாயகனின் பின்னணிக் குரலில் ஒரு வரி சேர்த்துவிட்டார். படத்தில் அது நல்ல நகைச்சுவையாகவே நிற்கிறது.

ஒலி படத்தையே மாற்றிப் போடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் ஒரு குறும்படம். 1976இல் பிரெஞ்சு இயக்குநர் குளோத் லெலூஷ் எடுத்த 'ராந்தேவூ'. சுமார் எட்டு நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். காரின் முன்பக்கத்தில் கேமரா. விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில், சிவப்பு விளக்குகளை மதிக்காமல், போர்த் தோஃபீனிலிருந்து மோமார்த்தர் குன்றின் சாக்ரே-கேர் தேவாலயம் வரை ஒரு கார் பறக்கிறது. ஃபெராரி என்ஜின் கர்ஜிக்கிறது, கியர் மாறுகிறது, டயர் கிறீச்சிடுகிறது. படம் பார்த்தவர்கள் அது ஃபெராரிதான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். ஓடியது லெலூஷின் சொந்த மெர்சிடிஸ் 450எஸ்இஎல் 6.9. குலுங்காத சொகுசு வண்டி. கேமரா ஆடாமலிருக்க அதுதான் வசதி. ஃபெராரி 275 ஜிடிபியின் ஓசையைப் பிறகு மேலே ஏற்றினார். அந்தப் படத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேகம் பாதியாகிவிடும்.

ஆகவே இருபதாயிரத்தில் ஐந்தாயிரத்தை ஒலிக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொன்னால், கேமரா வாடகையைக் குறைத்தாவது ஒதுக்குங்கள். படம் மங்கலாக இருந்தால் அது ஒரு பாணி என்று மன்னிப்பார்கள். ஒலி கெட்டிருந்தால் எழுந்து போய்விடுவார்கள். அடி விழும் ஓசைக்கு இணையத்தில் எல்லோரும் எடுக்கிற அதே 'டிஷ்யூம்' வேண்டாம். முட்டைக்கோஸைக் கைமுட்டியால் குத்திப் பதிவு செய்யுங்கள். ஈரத்துணியைத் தரையில் அறையுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எலும்பு முறிய வெளிநாட்டில் செலரித் தண்டை ஒடிப்பார்கள். நமக்கு முருங்கைக்காய் இருக்கிறது. முக்கியமாக, சண்டைக்கு முன்னாலிருக்கும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். அந்த லாட்ஜ் அறையின் மின்விசிறி, கீழே தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து அறை டிவி. விசிறி சட்டென்று நின்றால் பார்வையாளன் நிமிர்ந்து உட்காருவான். பின்னணி இசையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அடைத்து வைக்கிறவர்கள் இந்த ஆயுதத்தைத் தாங்களே தூக்கி எறிகிறார்கள்.

லெலூஷைப் புகழ்ந்ததோடு விட்டால் நான் பொறுப்பில்லாதவன். அவர் செய்தது குற்றம். தெருவை அடைக்கவில்லை. லூவர் வளைவருகே எதிரே வருவது தெரியாத ஒரு திருப்பத்தில் மட்டும் ரேடியோவோடு ஓர் உதவியாளரை நிறுத்தியிருந்தார். அந்த ரேடியோவும் வேலை செய்யவில்லை என்று பின்னால் தெரிந்தது. யாரும் சாகாமல் போனது அதிர்ஷ்டம். கயார்டோ தன் ஸ்டண்டுகளைத் தானே செய்ததையும் வீரம் என்று நான் பாராட்டமாட்டேன்.

'எல் மரியாச்சி' அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே 1993இல்தான், முழு வசதியோடு எடுக்கப்பட்ட 'தி க்ரோ' படப்பிடிப்பில் துப்பாக்கிக் குழலுக்குள் தங்கியிருந்த தோட்டா முனை ஒன்று வெற்று வெடியின் விசையில் பாய்ந்து பிராண்டன் லீயைக் கொன்றது. 2021இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். நம் பக்கத்து மாநிலத்தில் 2016இல் கன்னடப் படம் ஒன்றுக்காக ஹெலிகாப்டரிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் குதித்த இரண்டு நடிகர்கள் மேலே வரவில்லை. பணமும் ஆளும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. உங்களுக்கு விதி எளிது: வெடிக்கிற எதுவும் வேண்டாம், உயரம் வேண்டாம், ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பது வேண்டாம், ஆழத் தண்ணீர் வேண்டாம். ரப்பர் துப்பாக்கி, ஓசையும் நெருப்பும் கணினியில். அந்த ரப்பர் துப்பாக்கியையும் அனுமதியில்லாமல் பொது இடத்தில் தூக்காதீர்கள். பார்த்த யாரோ நூறுக்கு அழைப்பார்கள். வருகிற காவலருக்கு அது ரப்பர் என்று தூரத்திலிருந்து தெரியாது. வெட்டில்தான் சண்டை நடக்கிறது என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டில் யாருக்கும் எலும்பு முறியாது.

அந்த மீதிப் பாதியைச் சொல்கிறேன் என்றேனே. ரோட்ரிகஸ் இந்தப் படத்தைத் திரையரங்குக்காக எடுக்கவில்லை. ஸ்பானிஷ் வீடியோ கேசட் சந்தைக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் அடுத்தது என்று, யாரும் கவனிக்காத இடத்தில் மூன்று படம் எடுத்துப் பழகிக்கொள்வதுதான் திட்டம். அதனால் ஃபிலிம் பிரதி போடாமல் வீடியோ டேப்பிலேயே எடிட் செய்தார். 7,225 டாலர் என்பது அந்த வீடியோ வரைக்குமான செலவு. டிரெய்லரைப் பார்த்த ஒரு பெரிய ஏஜென்சி அவரை ஏற்றுக்கொண்டது, கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கியது. 35 எம்எம்முக்கு மாற்றவும், ஒலியைத் திரும்பக் கலக்கவும், விளம்பரத்துக்கும் கொலம்பியா செலவழித்தது அசல் செலவைப்போலப் பல மடங்கு. 1993 சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது பெற்று, அமெரிக்காவில் ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் வசூலித்தது கொலம்பியா மெருகேற்றிய இந்த இரண்டாவது வடிவம்தான். ஜாக்சனின் 'பேட் டேஸ்ட்'டுக்கும் கடைசியில் நியூசிலாந்துத் திரைப்பட ஆணையம் பணம் கொடுத்துத்தான் முடிந்தது.

உருகுவேயின் ஃபெடே ஆல்வரெஸ் 2009இல் மொண்டேவிடியோ நகரை ராட்சத ரோபோக்கள் தாக்குகிற 'பேனிக் அட்டாக்' என்ற குறும்படத்தை எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. செலவு 300 டாலர் என்றார்கள். அதைப் பார்த்துத்தான் சாம் ரெய்மியின் நிறுவனம் அழைத்தது. 2013இன் 'ஈவில் டெட்' அவர் கைக்கு வந்தது. அந்த 300 டாலரில், அவர் பல ஆண்டுகள் கிராபிக்ஸ் கற்றுக்கொண்டதற்கும், கணினி முன்னால் கழிந்த இரவுகளுக்கும் கூலி சேரவில்லை. ரோட்ரிகஸுக்கும் அப்படித்தான். 'எல் மரியாச்சி'க்கு முன்னால் 'பெட்ஹெட்' என்று கறுப்பு வெள்ளையில் ஒரு குறும்படம், தம்பி தங்கைகளை நடிக்கவைத்து எடுத்து, விழாக்களில் பரிசு வாங்கியது. அதற்கும் முன்னால் சிறு வயது முதலே வீட்டு வீடியோப் படங்கள். கல்யாணச் சமையலுக்குக் கூலி பேசும்போது மாஸ்டரின் கைப்பக்குவத்துக்கு யாரும் தனியாகக் கணக்கு எழுதுவதில்லையே, அப்படி.

இதை உங்களைச் சோர்வடையச் செய்வதற்காகச் சொல்லவில்லை. பட்ஜெட் தாளில் எழுதாத வரிகளை எழுதிப் பாருங்கள் என்கிறேன். நண்பர்களின் நேரம் அதில் முதல் வரி. கிறிஸ்டோபர் நோலன் 'ஃபாலோயிங்' எடுத்தபோது எல்லோரும் வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமைகளில் மட்டும், ஏறக்குறைய ஓராண்டு எடுத்தார்கள். ஃபிலிமை மிச்சப்படுத்த ஒவ்வொரு காட்சியையும் நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு முதல், இரண்டாவது டேக்கில் முடித்தார்கள். ஒத்திகைக்கு வாடகை இல்லை. காசு வாங்காமல் வருகிற நண்பனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, சொன்ன நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் மறுநாளும் வருவான். இரண்டு மணிக்கு வரவேண்டிய பிரியாணி நாலரைக்கு வந்த படப்பிடிப்பில் அதற்குப் பிறகு எடுத்த ஷாட்டுகளை என்னால் முகத்தைப் பார்த்தே பிரித்துவிட முடியும்.

எனவே கேமரா வாடகைக்கு எடுக்கும் முன், உங்கள் கைபேசியில் அந்த லாட்ஜ் அறைக் காட்சியை விடுதி அறையிலேயே, துடைப்பக் குச்சியைத் துப்பாக்கியாக வைத்து, முழுவதும் எடுத்து வெட்டி ஒலி போட்டுப் பாருங்கள். வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். குச்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நடுவில் எங்கே சிரிப்பு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லையென்றால் திரைக்கதைக்குத் திரும்பிப் போங்கள், பணத்தைத் தொடாதீர்கள். டைட்டிலில் ஒன்றரை நிமிடம் நன்றி போடுவதையும், நாயகன் மெதுவாக நடந்து வருவதையும், யாரோ டிரோன் வைத்திருக்கிறார் என்பதற்காக ஊரை மேலிருந்து காட்டுவதையும் அப்போதே வெட்டிவிடலாம்.

அடுத்து 'எல் மரியாச்சி'யின் ஒரு துப்பாக்கிச் சண்டையை இரண்டு முறை திரையிடப் போகிறோம். முதல் முறை ஒலி இருக்காது. சுடுகிறவனும் சுடப்படுகிறவனும் ஒரே ஃபிரேமில் எத்தனை முறை வருகிறார்கள் என்று எண்ணித் தாளில் எழுதுங்கள். இரண்டாவது முறை ஒலியோடு. அப்போது எண்ணாமல் சும்மா பாருங்கள். தாளை என்னிடம் கொடுத்த பிறகு கேள்விகளுக்கு வருகிறேன்.